இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும் கணினி

2019 ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு நிரலைக் கம்பைல் செய்துகொண்டிருந்தேன், அதாவது மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் பைண்டு செய்த பழைய மாத இதழ்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. தாளைத் தொட்டால் ஓரம் பொடியாக உதிரும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தாயிற்று. படமாக இருப்பதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. நூலகர் அம்மா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது.

அதற்கு நான் நம்பியிருந்தது டெசராக்ட் என்ற எழுத்துணரியை. எச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட மென்பொருள். 2018இல் வந்த நான்காம் பதிப்பு நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாறியது. தமிழை வாசிப்பதில் மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நூலகக் கணினியில் இருந்ததோ உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன் மென்பொருள் களஞ்சியத்தில் மூன்றாம் பதிப்புதான் கிடைத்தது. மூலத்திலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கினால், லெப்டோனிகா என்ற படச்செயலாக்க லைப்ரரி 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று, தேவையானவை இருக்கின்றனவா என்று முதலில் சோதிக்கும் கான்ஃபிகர் நின்றுவிட்டது. உபுண்டு 16.04 கொடுத்தது 1.73. ஆகவே முதலில் லெப்டோனிகா, அதன்மேல் டெசராக்ட் 4.1. கான்ஃபிகர், கம்பைல் செய்யும் மேக், கணினியில் நிறுவும் மேக் இன்ஸ்டால் எல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தபோது மணி பதினொன்று.

டெசராக்ட் என்று தட்டி எண்டரை அழுத்தினேன். ஒரே ஒரு வரி வந்தது. பகிர்வு லைப்ரரிகளை ஏற்றும்போது பிழை, ‘லிப்டெசராக்ட்.எஸ்ஓ.4’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்போ அடைவோ (ஃபோல்டரோ) இல்லை.

இல்லையா? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் நான்தானே வைத்தேன். யூஎஸ்ஆர் அடைவுக்குள் லோக்கல், அதற்குள் லிப். அடைவில் உள்ளவற்றைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறது. அனுமதிகள் சரி, அளவு சரி. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மூலநிரலைக் கம்பைல் செய்கிற ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அன்றைக்கு எனக்கு யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் நூலகம் என்றால் புத்தகங்கள் இருக்கும் கட்டடம். நிரல்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் கோப்பை லைப்ரரி என்றே எழுதுகிறேன். நிரலகம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் வாயிலும் வருவது லைப்ரரிதான். பெயரில் ‘எஸ்ஓ’ என்று வருவதெல்லாம் அப்படிப்பட்ட பகிர்வு லைப்ரரிக் கோப்புகள்.

அந்த இரவில் நான் செய்தது, பெரும்பாலானவர்கள் செய்வது. லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் அந்த அடைவின் பெயரைப் போட்டேன். உடனே ஓடியது. ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். தமிழ் வரிகள் திரையில் விழுந்தன. மகிழ்ச்சியில் அந்த வரியை அப்படியே, டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் சேர்த்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரான் மூலம் இரவு இரண்டு மணிக்கு அறுநூறு பக்கமும் ஓடும்படி ஏற்பாடு செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலை ஒன்பதரைக்கு நூலகர் அம்மா அழைத்தார். “தம்பி, வெளியீட்டு அடைவில் ஒன்றுமே இல்லையே?”

ஓடிப்போய்ப் பதிவுக் கோப்பைத் திறந்தால் அதே வரி. அறுநூறு முறை. லிப்டெசராக்ட் இல்லை, இல்லை, இல்லை. அதே கணினியில், அதே கட்டளையை, டெர்மினலில் நான் தட்டினால் ஓடுகிறது.

சூழல் மாறி என்பது கணினியின் சொத்து அல்ல. ஒவ்வொரு செயல்முறையும் தன்னைப் பெற்ற செயல்முறையிடமிருந்து வாங்கிக்கொள்வது. என் டெர்மினலில் பிறந்த நிரல்களுக்கு அந்த மாறி கிடைத்தது. கிரான் என் பாஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. அது பெற்ற பிள்ளைகளுக்கு அந்த மாறி தெரியவே தெரியாது. கணினி தொடங்கும்போது தானாக எழும் சேவைகளுக்கும் இதே கதைதான். நிர்வாகி அனுமதி தரும் சூடோவைப் போட்டு இயக்கினால், பாதுகாப்புக்காக அந்த மாறி வழியிலேயே உருவி எடுக்கப்படும்.

அன்று சனிக்கிழமை. வேறு வேலை இல்லை. இதன் அடிவரை போய்ப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்தக் கதையில் லைப்ரரியைத் தேடுபவர்கள் இருவர் என்பது. ஒருவர் லிங்கர். கம்பைல் செய்யும்போது வந்து, நிரல் கேட்கும் செயற்கூறுகள் எல்லாம் ஏதோ ஒரு லைப்ரரியில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று நிரல் கோப்புக்குள் ஒரு பட்டியல் எழுதிவிட்டுப் போய்விடுவார். பட்டியலில் இருப்பது பெயர் மட்டும், முகவரி இல்லை. மற்றொருவர் லோடர். நிரல் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் வந்து, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றுவது அவர் வேலை. இருவரும் பார்க்கும் இடங்கள் வேறுவேறு. கம்பைல் செய்யும்போது சிறிய எழுத்து எல் போட்டு லைப்ரரியின் பெயரையும் பெரிய எழுத்து எல் போட்டு அடைவையும் கொடுக்கிறோமே, அது லிங்கருக்கு மட்டும் சொன்னது. லோடருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கம்பைல் பிழையில்லாமல் முடிந்தது என்பதும் நிரல் ஓடும் என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்பதை இந்த இடத்தில்தான் நான் கற்றேன்.

இப்படி இரண்டாகப் பிரித்து வைத்ததில் பெரிய நன்மை இருக்கிறது. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 இந்த வகைப் பகிர்வு லைப்ரரிகளை யூனிக்ஸ் உலகில் பரவலாக்கியது. பத்து நிரல்கள் ஒரே லைப்ரரியைக் கேட்டால் நினைவகத்தில் அதன் நிரல்பகுதி ஒருமுறை இருந்தால் போதும். லைப்ரரியில் ஒரு பாதுகாப்புப் பிழையைத் திருத்தினால், அதை நம்பியிருக்கும் எந்த நிரலையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஓடும் நேரத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பது.

லோடர் தேடும் வரிசை லினக்ஸில் இப்படி. நிரல் கோப்புக்குள்ளேயே ஆர்பாத் என்று ஒரு முகவரி பொறித்திருந்து, ரன்பாத் என்ற அதன் புதிய வடிவம் இல்லாமலும் இருந்தால், முதலில் அந்த ஆர்பாத்தைப் பார்க்கும். அடுத்தது எல்டி லைப்ரரி பாத். அதற்கடுத்தது ரன்பாத். பிறகு ஈடிசி அடைவில் இருக்கும் ‘எல்டி.எஸ்ஓ.கேஷ்’ என்ற கோப்பு. கடைசியாக, கணினியின் சொந்த அடைவுகளான லிப்பும் யூஎஸ்ஆர் லிப்பும். இந்த ஐந்திலும் கிடைக்காவிட்டால், இல்லை என்று சொல்லும். அது சொல்லும் ‘இல்லை’ என்பதற்கு ‘நான் பார்த்த இடங்களில் இல்லை’ என்று பொருள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. எல்டி டீபக் என்ற சூழல் மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்துவிட்டு நிரலை ஓடவிட்டால், லோடர் ஒவ்வொரு அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகும். அன்று அதைத்தான் செய்தேன். லிப்டெசராக்ட்டைத் தேடுகிறேன் என்றது. கேஷில் தேடுகிறேன் என்றது. பிறகு லிப் அடைவின் கீழ் ஒன்று, யூஎஸ்ஆர் லிப்பின் கீழ் ஒன்று என்று வரிசையாக ஒவ்வொரு முகவரியாக முயன்றது. வரி வரியாக விரலை வைத்துப் படித்தேன். என் கோப்பு இருந்த யூஎஸ்ஆர் லோக்கல் லிப் அந்த வரிசையில் ஓரிடத்தில்கூட வரவில்லை. முதல் நாள் இரவே இந்த ஒரு கட்டளையைப் போட்டிருந்தால் அறுநூறு பக்கமும் விடிவதற்குள் முடிந்திருக்கும். யாருக்கு இந்தப் பிழை வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சூழல் மாறியைத் தொடுவதற்கு முன்னால், லோடர் எங்கே தேடுகிறது என்று அதனிடமே கேளுங்கள்.

ஆனால் இன்னொரு கேள்வி இருந்தது. உபுண்டுவில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் ஒன்றும் அந்நிய இடம் அல்ல. ஈடிசி அடைவின் ‘எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி’ என்ற உள்ளடைவில் ‘லிப்சி.கான்ஃப்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் அதே அடைவின் பெயர் எழுதியிருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கும்போது லோடர் ஏன் அங்கே போகவில்லை?

ஏனென்றால் லோடர் அந்தப் பட்டியலைப் படிப்பதே இல்லை. அதைப் படிப்பது எல்டிகான்ஃபிக் என்ற தனி நிரல். அது பட்டியலில் உள்ள அடைவுகளுக்கெல்லாம் போய், அங்கே என்னென்ன லைப்ரரிகள் இருக்கின்றன என்று குறித்துவந்து, கேஷ் கோப்பில் எழுதிவைக்கும். லோடர் பார்ப்பது அந்தக் கேஷை மட்டும்தான். நூலகத்தில் புத்தகம் வந்து அலமாரியில் ஏறிவிட்டது. அட்டைப் பட்டியலில் இன்னும் பதியவில்லை. அட்டையைப் பார்த்துப் பதில் சொல்பவரிடம் கேட்டால், அந்தப் புத்தகம் இங்கே இல்லை என்றுதான் சொல்வார். நூலகர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “பதிவேட்டில் ஏற்றாமல் ரேக்கில் வைத்தால் எங்களுக்கும் அதே கதைதான்” என்றார்.

மேக் இன்ஸ்டால் ஏன் அந்தப் பதிவைச் செய்யவில்லை என்றும் தோண்டிப் பார்த்தேன். அங்கேதான் மிக நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. டெசராக்ட்டைப் போன்ற மென்பொருள்கள் லிப்டூல் என்ற கருவியால் நிறுவப்படுகின்றன. நிறுவும்போது அது எல்டிகான்ஃபிக்கை அழைக்கத்தான் செய்கிறது. ஆனால் ‘என்’ என்ற விருப்பத்தோடு அழைக்கிறது. அந்த விருப்பம் இருந்தால் எல்டிகான்ஃபிக் குறிப்பிட்ட அடைவில் பெயர் இணைப்புகளை மட்டும் சரிசெய்யும்; கேஷைத் தொடாது. சரி, கேஷில் இல்லாவிட்டால் என்ன, லிப்டூல் நிரலுக்குள் முகவரியைப் பொறித்து வைத்திருக்கலாமே? தனக்குத் தெரியாத அடைவாக இருந்தால் அப்படித்தான் பொறிக்கும். யூஎஸ்ஆர் லோக்கல் லிப் கணினியின் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால், லோடர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று பொறிக்காமல் விட்டுவிடுகிறது. பொறிக்கவும் இல்லை, பதியவும் இல்லை. இரண்டு நல்ல எண்ணங்களுக்கு நடுவில் இருந்த சந்தில் என் கோப்பு விழுந்துவிட்டது.

நிறுவும்போது லிப்டூல் இதைச் சொல்லாமலும் இருப்பதில்லை. மேலும் கீழும் கோடு போட்டு, லைப்ரரிகள் இந்த அடைவில் வைக்கப்பட்டுள்ளன, இனி இவற்றில் ஒன்றையாவது செய்யுங்கள் என்று நான்கு வழிகளை அச்சிடும். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளை நான் அதுவரை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் படிக்கிறேன்.

இன்னொரு குழப்பத்துக்கும் லிப்டூல்தான் காரணம். கம்பைல் செய்த அடைவிலேயே டெசராக்ட்டை இயக்கினால் ஓடும். நிறுவிய பிறகு ஓடாது. அந்த அடைவில் டெசராக்ட் என்ற பெயரில் இருப்பது உண்மையான நிரல் அல்ல, கட்டளைகளை எழுதிவைத்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். உண்மையான நிரல் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான லிப்ஸ் அடைவில் இருக்கும். ஸ்கிரிப்ட்தான் சூழலைச் சரிசெய்து அதை அழைக்கும். நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் கிடைக்கின்றனவா என்று காட்டும் எல்டிடி கட்டளையை அந்த ஸ்கிரிப்டின் மேல் போட்டு, இது டைனமிக் நிரலே அல்ல என்று வந்த பதிலைப் பார்த்து அரைமணி நேரம் விழித்திருக்கிறேன்.

நூலகக் கணினிக்குத் தீர்வு ஒரே சொல்: சூடோ போட்டு எல்டிகான்ஃபிக். ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு அதே கட்டளையைச் சிறிய ‘பி’ விருப்பத்தோடு போட்டுக் கேஷில் டெசராக்ட்டும் லெப்டோனிகாவும் ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டேன். பாஷ்ஆர்சியில் சேர்த்த வரியை அழித்தேன். அன்றிரவு கிரான் ஓடியது. ஞாயிறு காலையில் அறுநூறு உரைக்கோப்புகள் இருந்தன.

அந்த வரியை ஏன் அழிக்க வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். சோதித்துப் பார்க்கிற ஒரு தடவைக்கு எல்டி லைப்ரரி பாத் அருமையான கருவி. நிரந்தரமாக வைத்தால் அது தொற்று. அந்த ஷெல்லில் பிறக்கும் எல்லா நிரல்களுக்கும் அது பரவும். தனக்கென்று கம்பைல் செய்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி இருக்கும் அடைவை ஒருவர் இப்படிப் போட்டுவைத்திருந்தார். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய அவர் பயன்படுத்தும் எஸ்எஸ்எச், நான் கம்பைல் ஆன பதிப்பு வேறு, இங்கே இருப்பது வேறு என்று சொல்லி நின்றுவிட்டது. ஏதோ ஒரு நிரலுக்காகச் செய்த மாற்றம், தொலைவில் இருக்கும் சேவையகத்துக்குப் போகும் வழியை அடைத்தது. இன்னும் ஆபத்தான ஒன்றும் உண்டு. புதிய அடைவு, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று சேர்த்து எழுதுவதுதான் எங்கும் சொல்லித்தரப்படும் வழக்கம். பழைய மதிப்பு வெறுமையாக இருந்தால் முக்காற்புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தை லோடர் ‘இப்போது நிற்கும் அடைவு’ என்று எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் விஷமத்தோடு ஒரு லைப்ரரியை வைத்திருக்கும் அடைவில் நின்று நீங்கள் கட்டளை தட்டினால், அது ஏறிவிடும்.

ரூட் எனும் நிர்வாகி அனுமதி இல்லாத கணினியில் எல்டிகான்ஃபிக் உதவாது. அடுத்த ஆண்டு எனக்கு அந்த நிலைமையும் வந்தது. பக்கங்கள் பல்லாயிரமாகப் பெருகியதால், பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு பெரிய சேவையகத்தில் இடம் வாங்கினோம். அங்கே எனக்கென்று ஒதுக்கிய வீட்டு அடைவைத் தவிர வேறெங்கும் எழுத முடியாது. டெசராக்ட்டையும் லெப்டோனிகாவையும் வீட்டு அடைவுக்குள் நிறுவினேன். லிப்டூல் தனக்குத் தெரியாத இடம் என்பதால் இந்த முறை முகவரியைப் பொறித்துவிட்டது, டெசராக்ட் ஓடியது. பத்தி பத்தியாக அச்சிட்ட பக்கங்களைப் பிரித்துக் கொடுக்க சி++இல் ஒரு சிறு நிரல் நானே எழுதியிருந்தேன். அதற்கு லிப்டூல் இல்லை, மேக் கட்டளைக்கான குறிப்புகளைக் கையால் எழுதிய மேக்ஃபைல். கம்பைல் ஆனது, ஓடவில்லை. காரணம் இப்போது எனக்குத் தெரியும். லிங்கருக்கு ‘ஆர்பாத்’ விருப்பத்தோடு முகவரியைக் கொடுத்து நிரலுக்குள் பொறித்தேன். ஓடியது.

சில மாதங்கள் கழித்து, குழுவில் உள்ள மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று அந்த முழு அடைவையும் பொதுவான வட்டுக்கு நகர்த்தினேன். மறுபடியும் இல்லை, இல்லை. பொறித்த முகவரி என் பழைய வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

இதற்காகவே லோடருக்கு ஒரு சிறப்புச் சொல் தெரியும். டாலர் குறி போட்டு ‘ஒரிஜின்’. நிரல் கோப்பு எந்த அடைவில் இருக்கிறதோ அந்த அடைவு என்று அதற்குப் பொருள். அதிலிருந்து ஒருபடி மேலேறி லிப்புக்குப் போ என்று பொறித்துவிட்டால், முழு அடைவையும் எங்கே தூக்கிப்போனாலும் நிரல் தன் லைப்ரரியைத் தானே தேடிக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! மேக்ஃபைலில் அதை எழுதி, மறுபடி கம்பைல் செய்து ஓட்டினால், ஓடவில்லை.

இங்கே ரீட்எல்ஃப் என்ற கருவியின் துணை வேண்டும். சிறிய ‘டி’ விருப்பத்தோடு போட்டால், நிரலுக்குள் உண்மையில் என்ன பொறித்திருக்கிறது என்று காட்டும். போட்டேன். ரன்பாத் என்ற இடத்தில் ‘ரிஜின்’ என்று இருந்தது. டாலர் குறியும் முதல் எழுத்தும் காணோம். மேக்ஃபைலில் டாலர் குறிக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தை மேக் ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு மாறி இல்லாததால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. மேக்கிடமிருந்து காப்பாற்ற டாலரை இருமுறை எழுத வேண்டும். அடுத்து ஷெல் அதை விழுங்காமல் இருக்க முழுவதையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இரண்டையும் செய்த பிறகு ரீட்எல்ஃப் முழுச் சொல்லையும் காட்டியது.

அதோடும் முடியவில்லை. இப்போது லிப்டெசராக்ட் கிடைத்துவிட்டது. இல்லை என்று வந்தது ‘லிப்லெப்ட்.எஸ்ஓ.5’. இரண்டும் ஒரே அடைவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்த கண் அடுத்ததைப் பார்க்காதா?

பார்க்காது. பழைய ஆர்பாத் என்றால் பார்த்திருக்கும். நிரலில் பொறித்த ஆர்பாத், அது ஏற்றும் லைப்ரரிகள் கேட்கும் லைப்ரரிகளுக்கும் செல்லும். அந்தச் சேவையகத்தில் லிங்கர் எழுதியதோ ரன்பாத். அது யாரிடம் பொறித்திருக்கிறதோ அவர் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே செல்லும். என் நிரல் படத்தின் பைட்டுகளை டெசராக்ட்டிடம் கொடுப்பதோடு சரி. லெப்டோனிகாவைக் கேட்பது லிப்டெசராக்ட். ஆகவே லோடர் லிப்டெசராக்ட்டின் ரன்பாத்தைத்தான் பார்த்தது. அதில் என் பழைய வீட்டு முகவரிதான் இன்னும் இருந்தது. பேட்ச்எல்ஃப் என்ற கருவியால் லிப்டெசராக்ட்டுக்குள் இருந்த முகவரியை டாலர் ஒரிஜின் என்று மாற்றினேன். கம்பைல் செய்யாமலே, கோப்புக்குள் உள்ள முகவரியை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கருவி அது. அன்றிலிருந்து எந்த அடைவை நகர்த்தினாலும், நிரலை மட்டும் பார்ப்பதோடு நிறுத்தாமல் அதனோடு இருக்கும் ஒவ்வொரு எஸ்ஓ கோப்பையும் ரீட்எல்ஃப் போட்டுப் பார்க்கிறேன்.

எல்டிடியை ஏன் இவ்வளவு நேரம் ஓரமாக வைத்தேன் என்றால், அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரே பார்வையில் காட்டுவதில் அதற்கு ஈடு இல்லை. நம் சொந்த நிரல்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் சில சூழ்நிலைகளில் அது நிரலை இயக்கியே விடையைக் கண்டுபிடிக்கும். எங்கிருந்தோ வந்த, நம்பகமில்லாத கோப்பின் மேல் அதைப் போடக்கூடாது. அதற்கு ரீட்எல்ஃப் போதும். அது கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, நான் இன்றைக்கும் வாரம் ஒருமுறையாவது பார்க்கும் ஒரு தவறு. உபுண்டு 16.04க்கு வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலோடு முடிந்ததால் நூலகக் கணினியை 20.04க்கு மாற்றினோம். ஸ்கேன் படங்களைச் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்பும் ஒரு நிரலை அதில் கம்பைல் செய்து வைத்தேன். அடுத்த ஆண்டு கணினி 22.04க்குப் போனது. அந்த நிரல், ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ இல்லை என்றது. இந்த முறை அது உண்மையிலேயே இல்லை. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் மூன்றாம் பதிப்புக்கு மாறி, பழையதை விட்டுவிட்டது. அங்கே உதவிக்கு வரும் மாணவர் கைபேசியில் அழைத்தார். “அண்ணா, எஸ்ஓ.3 இருக்கிறது. அதற்கு எஸ்ஓ.1.1 என்று ஒரு இணைப்புப் பெயர் போட்டுவிட்டேன். இப்போது வேறு பிழை வருகிறது.”

வரத்தான் செய்யும். ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர்கள். வெறும் எஸ்ஓ என்று முடிவது லிங்கருக்கான பெயர். எஸ்ஓவுக்குப் பின்னால் ஓர் எண்ணோடு வருவதைச் சோநேம் என்பார்கள். லோடர் தேடுவது அதை. முழுப் பதிப்பு எண்ணோடு இருப்பது உண்மையான கோப்பு. சோநேமில் உள்ள எண் அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. இந்த எண் மாறாதவரை, என்னை நம்பிக் கம்பைல் ஆன நிரல்கள் அப்படியே ஓடும் என்று லைப்ரரியை எழுதியவர்கள் கொடுக்கும் வாக்கு அது. எண்ணை மாற்றினால், பழைய வாக்கு இனி இல்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். நாம் இணைப்புப் பெயர் போட்டு மறைப்பது அந்த அறிவிப்பை. நல்லவேளையாக ஓப்பன்எஸ்எஸ்எல் ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரோடும் பதிப்பு முத்திரை ஒன்றையும் சேர்த்திருக்கிறது. 1.1.0 முத்திரையை நிரல் கேட்டது, அது மூன்றாம் பதிப்பில் கிடைக்கவில்லை, லோடர் ஏற்ற மறுத்துவிட்டது. அப்படி முத்திரை இல்லாத லைப்ரரியாக இருந்தால் ஏறியிருக்கும். ஏறி, எங்கோ ஓரிடத்தில் தரவைக் குலைத்திருக்கும். நூறு வருடத்துப் பக்கங்களின் ஒரே நகலைக் கையாளும் நிரலில் அதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சி மொழியின் அடிப்படை லைப்ரரியின் பெயர் லினக்ஸில் 1997 முதல் ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்றே இருப்பதும் இதே முத்திரை முறையால்தான். வெளியே உள்ள எண் மாறாமல், உள்ளே முத்திரைகள் கூடிக்கொண்டே போகின்றன. புதிய கணினியில் கம்பைல் செய்ததைப் பழைய கணினிக்கு எடுத்துப்போனால், ஜிலிப்சி என்ற அந்த லைப்ரரியின் இன்ன பதிப்பு முத்திரை இல்லை என்று வருவது அதனால். அதற்குக் குறுக்கு வழி தேட வேண்டாம். பழைய கணினியிலேயே கம்பைல் செய்யுங்கள்.

மாணவரிடம் அந்த இணைப்பை அழிக்கச் சொன்னேன். மூலநிரல் இருக்கும் அடைவுக்குப் போய், பழைய கம்பைல் கோப்புகளை நீக்கும் மேக் கிளீன் கொடுத்து, மறுபடி கம்பைல் செய்யச் சொன்னேன். எல்டிடி போட்டு ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டினார். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3, கிடைத்தது. லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3, கிடைத்தது. “எல்லாம் இருக்கிறது அண்ணா” என்றார். கிரான் நேரத்துக்குக் காத்திருக்காமல் அப்போதே ஒரு தொகுதியை அனுப்பிப் பார்த்தோம், போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நூலகர் அம்மாவின் அழைப்பு. 2019இன் நினைவில் நெஞ்சு படபடக்க எடுத்தேன். “தம்பி, நேற்றுப் போன தொகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு இல்லையா, தும்பிக்கைபோல் வளைந்த பழைய ‘னை’ வருகிற இடமெல்லாம் உன் டெசராக்ட் வேறெதையோ எழுதிவைத்திருக்கிறது. பதினான்காம் பக்கத்தைத் திற, நான் சொல்கிறேன்” என்றார்.